முதலில் அம்மாவுக்கு ஒரு இலை போடு

யாங்கோனிலிருந்து ஒரு பெண் எழுதியிருக்கிறாள். வயது 25. அவள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 2021 ஜூலை கடைசி வாரத்தில், ஊரே ஆக்சிஜன் சிலிண்டருக்கு வரிசையில் நின்றபோது, அவள் அம்மா கொரோனாவில் போய்விட்டார். அதே வரிசையில் தன் பாட்டிக்காக நின்ற ஒரு பர்மியப் பையன், பாட்டி அன்றிரவே இறந்துவிட்டதால், கையிலிருந்த சிலிண்டரை இவள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தான். அம்மா அதில் இன்னும் இரண்டு நாள் இருந்தார். அப்படி ஆரம்பித்த பழக்கம் இப்போது கல்யாணப் பேச்சு வரை வந்திருக்கிறது. கல்யாணத்துக்கு முன்னால் இவள் பௌத்தத்துக்கு மாற வேண்டும் என்கிறார் அவன் அம்மா. வருடக் கடைசிக்குள் பாங்காக் போய்விட வேண்டும் என்கிறான் அவன். இவளுக்கோ அம்மா போனதிலிருந்து காளி கோயிலில் நிற்க முடியவில்லை, ஷ்வேடகோன் பகோடாவில் போய் உட்கார்ந்தால் மனசு அடங்குகிறது, அது அம்மாவுக்குச் செய்யும் துரோகமோ என்று பயம். கடைசியில் ஒரே ஒரு வரி: அம்மா கனவில் வருகிறார், கேட்டுக்கு வெளியே நிற்கிறார், கூப்பிட்டால் உள்ளே வருவதில்லை.

மகளே, என்னைச் சயாமா என்று கூப்பிட்டு எழுதியிருக்கிறாய். முப்பது வருடம் கோயில் பள்ளியில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தவள், அந்த உரிமையில் நீ என்றே எழுதுகிறேன். மதத்தை முதலில் கேட்டாய், கல்யாணத்தை அடுத்துக் கேட்டாய், கனவைச் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கித் தயங்கிக் கடைசியில் வைத்தாய். நான் கனவிலிருந்துதான் தொடங்கப் போகிறேன், மற்ற இரண்டும் அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

அம்மாவை நீங்கள் வழியனுப்பவே இல்லை. குற்றமாகச் சொல்லவில்லை, அந்த ஜூலையில் யாராலும் முடியவில்லை. தொண்டர்கள் வந்து உடம்பைப் பிளாஸ்டிக்கில் சுற்றி வண்டியில் ஏற்றினார்கள், நீயும் அப்பாவும் காய்ச்சலோடு மாடியில் நின்று பார்த்தீர்கள், குளிப்பாட்டவில்லை, வாய்க்கரிசி போடவில்லை, பதினாறாம் நாள் என்று ஒன்று வந்து போனதே உங்களுக்குத் தெரியவில்லை. அப்புறம் நல்ல நாள் பார்த்துச் செய்துகொள்ளலாம் என்று இருந்தவர்களிடம், "ஆண்பிள்ளை இல்லாத வீட்டில் மகள் காரியம் செய்யக் கூடாது" என்று யாரோ ஒரு பெரியவர் சொல்ல, அதோடு நின்றுபோனது. இத்தனை வருடமாக நின்றே இருக்கிறது.

எங்கள் பாட்டி 1942இல் குண்டு விழுந்தபோது ரங்கூனை விட்டு நடந்தவர். தமு வழியாக மணிப்பூருக்குப் போன அந்தக் காட்டுப் பாதையில் காலராவிலும் பசியிலும் செத்தவர்களை எண்ணி முடியாது. பாட்டியின் தங்கையையும் அவள் கைக்குழந்தையையும் அந்தப் பாதையில்தான் விட்டுவிட்டு வந்தார்கள், குழி தோண்டக்கூட நிற்க முடியாமல், மேலே இலை தழையைப் போட்டு மூடிவிட்டு. போர் முடிந்து 1946இல் பாட்டி திரும்பி வந்தார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து புரட்டாசி அமாவாசைக்கு எங்கள் வீட்டில் தாத்தாவுக்கு ஒரு இலை, கொள்ளுப்பாட்டிக்கு ஒரு இலை, அப்புறம் ஓரமாக இன்னொரு இலை போடுவார்கள். அது யாருக்கு என்று கேட்டால் "வழியில விட்டவங்களுக்கு" என்பார். தேதி தெரியாது, திதி தெரியாது, எரித்ததுமில்லை புதைத்ததுமில்லை. அந்த இலை மட்டும் ஒரு வருடமும் தவறியதில்லை, பாட்டி போன பிறகு என் அம்மா போட்டார், இப்போது நான் போடுகிறேன். காலம் கடந்துவிட்டதே, இனி செய்தால் சேருமா என்று நீ கேட்டதற்கு எனக்குத் தெரிந்த பதில் அந்த இலைதான்.

திதி தெரியாமல் போனவர்களுக்கும், செய்ய முடியாமல் விட்டுப்போனவர்களுக்கும் என்றே மகாளய அமாவாசை இருக்கிறது. உன் அம்மாவுக்குத் திதியும் தெரியும், ஆடி மாதத் தேய்பிறை, அந்த வருடத்துப் பஞ்சாங்கத்தில் தேதியை வைத்துப் பார்த்துக்கொள். மகள் செய்யலாமா என்பதற்கும் சொல்கிறேன். ஐயரை வைத்து எள்ளும் தண்ணீரும் இறைக்கும் தர்ப்பணம் ஒன்று, வீட்டில் இலை போட்டுச் சாம்பிராணி காட்டிக் கும்பிடும் படையல் ஒன்று. படையலைப் பர்மாத் தமிழர் வீடுகளில் காலம் காலமாகப் பெண்கள்தான் செய்கிறார்கள், அதற்கு யாரும் உத்தரவு கொடுக்க வேண்டியதில்லை. தர்ப்பணம் என்று வந்தால், மகன் இல்லாத இடத்தில் மனைவிக்குக் கணவன் செய்வது முறையிலேயே இருப்பதுதான், அந்தப் பெரியவர் இதைச் சொல்லாமல் விட்டது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அதனால் அப்பாவை உட்கார வை. அம்மா போனதிலிருந்து அப்பா வீட்டில் பேசுவதே இல்லை, டிவி முன்னால் உட்கார்ந்தே இருக்கிறார் என்று எழுதியிருந்தாயே, அந்த மனிதர் கையில் ஒரு வேலையைக் கொடு. அவர் கை நீட்டட்டும், நீ சொம்பைச் சரித்து ஊற்று.

இப்போது அந்தக் கனவு. நீ பௌத்தம் பக்கம் மனசு போகிறது என்கிறாய், அதனால் அங்கிருந்தே சொல்கிறேன். பாலி மொழியில் திரோகுட்ட சுத்தம் என்று ஒரு சின்னப் பாடல் இருக்கிறது, செத்தவர்களைப் பற்றியது. இறந்துபோனவர்கள் தங்கள் பழைய வீட்டுக்குத் திரும்பி வருகிறார்கள், சுவருக்கு வெளியே நிற்கிறார்கள், முச்சந்தியில் நிற்கிறார்கள், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், உள்ளே விருந்து நடக்கிறது, அவர்களை நினைப்பார் இல்லை என்று அதில் வரும். மேட்டில் பெய்த மழை பள்ளத்துக்கு ஓடி வருகிற மாதிரி, இங்கே அவர்களை நினைத்துக் கொடுப்பது அங்கே அவர்களுக்குப் போய்ச் சேர்கிறது என்றும் வரும். உன் கனவைப் படித்ததும் எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. நீ இதைக் கேட்டிருக்கக்கூட மாட்டாய், ஆனால் உன் அம்மா கேட்டுக்கு வெளியே நிற்கிறார். இதற்கு என்ன அர்த்தம் என்று குறி சொல்ல எனக்குத் தெரியாது. துக்கத்தில் இருக்கிற மனசு எந்த நாட்டிலும் இந்தக் காட்சியைத்தான் காண்கிறது போல.

பர்மியர் வீட்டுச் சாவுக்கு நீ போயிருப்பாய். ஏழாம் நாள் யெட்லே என்று பொங்கிகளை, அதாவது பிக்குகளை, அழைத்துச் சூன் என்கிற சாப்பாடு கொடுப்பார்கள். அதுவரை உயிர், லெய்பியா, வண்ணத்துப்பூச்சி மாதிரி வீட்டைச் சுற்றியே இருக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. சூன் கொடுத்து முடித்ததும் ஒரு கிண்ணத்திலிருந்து தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றிப் பூமாதேவியைச் சாட்சிக்கு அழைப்பார்கள், செய்த புண்ணியத்தில் இறந்தவருக்குப் பங்கு என்று "அம்யா, அம்யா, அம்யா" சொல்வார்கள், கேட்பவர்கள் "தாது, தாது, தாது" என்பார்கள். நம் வீட்டில் எள்ளும் தண்ணீரும். அவர்கள் வீட்டில் வெறும் தண்ணீர். உன் கத்தோலிக்கத் தோழி உன்னைச் செவ்வாய்க்கிழமை நவநாளுக்கு அழைத்துப் போனாளே, அவர்கள் நவம்பர் 2ஆம் தேதி கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி ஏற்றி வைத்துவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார்கள். பக்கத்துத் தெருத் தமிழ் முஸ்லிம் வீடுகளில் நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதிச் சோறு போடுகிறார்கள். எல்லாமே ஒன்று என்று சொல்ல வரவில்லை, ஒன்றில்லை, உயிர் என்ற ஒன்று உண்டா என்பதிலேயே சைவத்துக்கும் பௌத்தத்துக்கும் பெரிய சண்டை உண்டு. செத்தவருக்குப் பசிக்கும் என்பதில் மட்டும் எல்லா வீட்டுப் பெண்களுக்கும் ஒரே எண்ணம்.

அழக் கூடாது, அழுதால் ஆத்மா போகாது என்று ஒரு பொங்கி சொன்னதாகவும், அன்றிலிருந்து அழுகையை அடக்குவதாகவும் எழுதியிருக்கிறாய். அவர் நல்ல மனசோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் புத்தர் கண் மூடப் போகிற வேளையில் ஆனந்தர் கதவு நிலையில் சாய்ந்துகொண்டு அழுதார், இருபத்தைந்து வருடம் கூடவே இருந்தவர். புத்தர் அவரைக் கூப்பிட்டு, அழாதே என்று சொன்ன கையோடு, நீ எனக்கு எவ்வளவு அன்பாகத் தொண்டு செய்தாய் என்று எல்லார் முன்னாலும் புகழ்ந்து பேசினார். நம் பக்கம் பட்டினத்தார், வீடு வாசல் சொத்து எல்லாவற்றையும் உதறிவிட்டுக் கோவணத்தோடு போனவர், தாய் இறந்தபோது வந்து நின்று, பத்து மாதம் சுமந்தாளே, என்னைத் தேனே என்று கூப்பிட்டாளே, அந்த வாய்க்கா நான் அரிசி போடுவேன் என்று கதறிப் பாடியிருக்கிறார். துறவிகளே அழுதிருக்கிறார்கள், நீ இருபது வயதில் அம்மாவைப் பறிகொடுத்தவள். அழு மகளே. பாத்ரூமில் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு அழ வேண்டியதில்லை, அப்பா முன்னாலேயே அழு.

சரி, காளி கோயில். அனவ்ரதா சாலையில் இருக்கிற அந்தக் கோயில் 1871இல் நம்மவர்கள் கட்டியது, உன் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் உன் கையைப் பிடித்துக்கொண்டு போன இடம். அங்கே நிற்க முடியாததற்குக் காரணம் நம்பிக்கை போய்விட்டது என்று நீ நினைக்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே ஒவ்வொரு தூணிலும் அம்மா இருக்கிறார், அதுதான் தாங்க முடியவில்லை. ஷ்வேடகோனில் அம்மா இல்லை, அதனால் மூச்சு விட முடிகிறது. என் வீட்டுக்காரர் போன பிறகு இரண்டு வருடம் நான் பெருமாள் கோயில் பக்கமே போகவில்லை, சுண்டல் வாசனை வந்தாலே நெஞ்சை அடைக்கும், அவருக்கு அது உயிர். மூன்றாம் வருடம் ஒருநாள் மழைக்கு ஒதுங்கினேன், அப்படியே உள்ளே போய்விட்டேன், அவ்வளவுதான் நடந்தது.

ஆனால் ஷ்வேடகோனில் நீ என்ன செய்கிறாய் என்று எழுதியிருந்ததை இன்னொரு முறை நீயே படித்துப் பார். வடக்கு மூலையில், வெள்ளிக்கிழமை பிறந்தவர்களுக்கான இடத்தில், சிலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்றாய். நீ வெள்ளிக்கிழமை பிறந்தவளா? இல்லை, நீ புதன்கிழமை, நீயே சொல்லியிருக்கிறாய். வெள்ளிக்கிழமை பிறந்தவர் உன் அம்மா. நவக்கிரகத்தை ஒன்பது சுற்றுச் சுற்றுவாரே, அந்த அம்மாவுக்காக அவருடைய கிழமை மூலையில் போய்க் குடம் குடமாக ஊற்றுகிறாய். அம்மாவுக்குத் துரோகம் செய்தவள் செய்கிற வேலையா இது?

இன்னொன்றும் தெரிந்துகொள். தடிஞ்சுப் பண்டிகைக்கு ஊரெல்லாம் விளக்கு வைக்கிறார்களே, அது எதற்கு? புத்தரைப் பெற்ற ஏழாம் நாள் மாயாதேவி இறந்துவிட்டார். புத்தர் ஞானம் அடைந்த பிறகு ஒரு மழைக்காலம் மூன்று மாதமும் மேலுலகத்துக்குப் போய், அங்கே தேவராகப் பிறந்திருந்த தாய்க்கு அபிதம்மம் போதித்துவிட்டு இறங்கி வந்தார் என்பது கதை. அவர் இறங்கி வந்த வழிக்குத்தான் அந்த விளக்குகள். தாய்க்குச் செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டு வருகிற மகனுக்காக பர்மா முழுக்க விளக்கு எரிகிறது. நீ அந்தப் பக்கம் போனாலும் முதல் கடமை அம்மாவுக்குத்தான், இந்தப் பக்கம் இருந்தாலும் அதுதான்.

பௌத்தம் தமிழருக்கு வெளியூர்ச் சரக்கு என்று யாராவது சொன்னால் நம்பாதே. ராஜராஜ சோழன் காலத்தில் நாகப்பட்டினத்தில் பெரிய விகாரம் எழுந்தது, அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே எழுதி வைத்தார்கள். பெகுவை ஆண்ட தம்மசேதி மன்னன் 1476இல் இலங்கைக்கு அனுப்பிய பிக்குகளில் சிலர், கப்பல் உடைந்து கரையேறி, நாகப்பட்டினத்தில் இருந்த பழைய பௌத்த இடத்தைப் போய்ப் பார்த்ததாகக் கல்யாணிக் கல்வெட்டில் இருக்கிறது. அந்தப் பக்கமிருந்து இங்கே வந்தவர்களும் உண்டு. பகானில் 13ஆம் நூற்றாண்டில் ஒரு வணிகர் விஷ்ணு கோயிலுக்கு மண்டபமும் விளக்கும் கொடுத்ததைத் தமிழில் வெட்டி வைத்திருக்கிறார்கள். இங்கே பல தமிழ்க் கோயில்களில் புத்தர் சிலை இருக்கிறது, பீலிக்கான் அங்காள ஈஸ்வரியிடம் பர்மியர்கள் நேர்ந்துகொள்கிறார்கள்.

மணிமேகலையைப் பள்ளியில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறேன், உன் கடிதம் வந்த பிறகு திரும்ப எடுத்துப் படித்தேன். நமக்கு அட்சய பாத்திரம் மட்டும்தான் ஞாபகம் இருக்கும். கதை எங்கே ஆரம்பிக்கிறது பார். அப்பா கோவலனும் கண்ணகியும் பட்ட துன்பத்தைக் கேட்டு, மாலை கட்டிக்கொண்டிருந்த மணிமேகலை அழுகிறாள், கண்ணீர் மாலையில் விழுந்து அதன் தூய்மை போய்விடுகிறது. அதனால் புதுப் பூப் பறித்து வரச் சொல்லி மாதவி அவளை வெளியே அனுப்புகிறாள். பூப் பறிக்கப் போன தோட்டத்துக்குத்தான் இளவரசன் உதயகுமாரன் தேரில் வருகிறான். அப்பாவுக்காக அழுத கண்ணீர்தான் அவளை அவன் இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோய் விட்டது. உன் வரிசையும் சிலிண்டரும் மாதிரி. அவளுக்கும் அவன் மேல் மனசு போகிறது, அதை அவள் மறைக்கவில்லை. பிறகு அவன் வெட்டுப்பட்டுச் சாகிறான், அவள் அழுதுகொண்டே அவன் உடம்பருகே போகிறாள். மகனை இழந்த ராணியிடம் அவள் "உடம்புக்காக அழுதாயா, உயிருக்காக அழுதாயா" என்று கேட்கும் இடத்தைத்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள். உடம்புக்காக என்றால் அதைச் சுடுகாட்டில் கொண்டுபோய்ப் போட்டது யார், உயிருக்காக என்றால் அது எங்கே போய்ப் புகுந்ததோ யாருக்குத் தெரியும், அந்த உயிர் மேல் உனக்கு அன்பு இருந்தால் எல்லா உயிர் மேலும் இரக்கப்படு என்பாள். பெரிய பேச்சுதான். ஆனால் அதைச் சொல்கிறவள் முதலில் தான் அழுது தீர்த்தவள் என்பதை நாம் விட்டுவிடுகிறோம். அதற்கும் பிறகுதான் அவள் வஞ்சி நகரத்துக்குப் போய், வேடம் மாற்றிக்கொண்டு, ஒவ்வொரு சமயக்காரரிடமும் உங்கள் கொள்கை என்ன என்று கேட்கிறாள். கேட்டு முடித்துக் காஞ்சிக்குப் போய் அறவண அடிகளிடம் தருமம் கேட்டு, கடைசியில்தான் நோன்பு. அவள் எந்த மதத்தை எடுத்தாள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. எவ்வளவு நாள் எடுத்துக்கொண்டாள் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி அவன் அம்மாவின் நிபந்தனை. இதில் சட்டம் ஒன்று இருக்கிறது. 2015இல் நான்கு சட்டங்கள் வந்தன. பௌத்தப் பெண்களின் கல்யாணத்துக்கான சட்டம், பௌத்தப் பெண் வேறு மதத்து ஆணைக் கட்டும்போது பொருந்துவது, உன் விஷயம் நேர்மாறு. மதமாற்றச் சட்டம்தான் உன்னைத் தொடும். 18 வயது ஆனவர்கள் டவுன்ஷிப்பில் உள்ள குழுவிடம் விண்ணப்பம் கொடுக்க வேண்டும், அவர்கள் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார்கள், உண்மையாகவே விரும்பித்தான் மாறுகிறாயா என்று பார்ப்பார்கள், சேரப்போகும் மதத்தையும் அதில் கல்யாணம், விவாகரத்து, சொத்து, பிள்ளைகள் பற்றிய முறைகளையும் படித்துப் பார்க்க 90 நாள் வரை அவகாசம் கொடுப்பார்கள். ஒருவரை நெருக்கி மாற வைப்பது அதே சட்டத்தில் குற்றம். பிங்க் கார்டு என்கிற குடியுரிமை அட்டையில் இனமும் மதமும் எழுதியிருக்கிற நாடு இது, கார்டில் ஒரு வார்த்தை மாறினால் ஆபீஸ் ஆபீஸாக எத்தனை நடை என்று உன் அப்பாவுக்குத் தெரியும், அவரிடம் கேள்.

சட்டத்தை விடு, மதமே என்ன சொல்கிறது? பௌத்தத்தில் கல்யாணம் ஒரு சடங்கே இல்லை, உலக விஷயம். பொங்கி யாருக்கும் கல்யாணம் செய்து வைப்பதில்லை, சூன் கொடுத்தால் வாங்கிக்கொண்டு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். பௌத்தராவது என்பது புத்தம், தம்மம், சங்கம் மூன்றையும் சரணடைந்து ஐந்து சீலம் எடுத்துக்கொள்வது, அவ்வளவுதான், அதை ஒருவர் இன்னொருவருக்காகச் செய்ய முடியாது, மாமியாருக்காகவும் முடியாது. ஆகவே அந்த அம்மா கேட்பது மதத்தின் கட்டளை இல்லை. அவருக்கு வேறு ஏதோ பயம் இருக்கிறது. அவரும் அதே ஜூலையில் தன் தாயை இழந்தவர் என்பதை நீ யோசித்தாயா? உன்னைப் போலவே கடைசியாக முகம் பார்க்காதவர். நான் போனால் எனக்கு யார் யெட்லே செய்வார்கள், யார் அம்யா சொல்வார்கள் என்று அவர் பயப்படலாம். நேரில் போய்க் கேள். "அமே, உங்களுக்குச் சூன் கொடுக்க நான் இருக்கிறேன், பெயரை மட்டும் இப்போது மாற்றச் சொல்லாதீர்கள்" என்று சொல்லிப் பார். அப்படியும் அவர் இறங்கவில்லை என்றால், அப்போது அந்தப் பையன் யார் பக்கம் பார்த்துப் பேசுகிறான் என்று கவனி. அதைக் கவனிக்காமல் கழுத்தை நீட்டாதே.

பையனைப் பற்றி. இது காதலா, துக்கத்தில் பிடித்த கையா என்று கேட்கிறாய். துக்கத்தில் பிடித்த கையும் கைதான், அதைத் தாழ்வாக நினைக்காதே. எனக்கு இருக்கிற கவலை வேறு. உன் கடிதத்தில் அவனைப் பற்றி எங்கெங்கே எழுதியிருக்கிறாயோ அங்கெல்லாம் சிலிண்டர் வருகிறது. அவன் எப்படிச் சிரிப்பான், எதற்குக் கோபப்படுவான், காசு விஷயத்தில் எப்படி, உன் அப்பாவிடம் எப்படிப் பேசுவான், ஒன்றுமே இல்லை. அந்த இரண்டு நாளுக்கு நீ அவனுக்குக் கடன்பட்டிருப்பதாக நினைக்கிறாய். நன்றி பெரிய விஷயம், அதற்காகக் காலமெல்லாம் அவனை உன் வீட்டு மனிதனாக மதிக்கலாம், ஆனால் அந்தக் கடனை அடைக்கக் கல்யாணம் செய்துகொள்ளாதே. சிலிண்டரைக் கொடுத்தது அவன் பாட்டியின் நினைவில், அவன் அதற்கு விலை கேட்கவில்லை, கேட்டிருந்தால் அந்த நிமிஷமே அவனை எனக்குப் பிடிக்காமல் போயிருக்கும். சாதாரண ஒரு நாளில், அந்த ஜூலையைப் பற்றி இரண்டு பேருமே ஒரு வார்த்தை பேசாமல், லபேயே என்கிற டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார். அந்த ஒரு மணி நேரம் எப்படிப் போகிறது என்பதில் உனக்கு நிறையத் தெரிந்துவிடும்.

பாங்காக் அவசரம் எனக்குப் புரிகிறது. 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் அமலுக்கு வந்ததிலிருந்து எந்த வீட்டில் தூக்கம் இருக்கிறது? ஆண்களுக்கு 18 முதல் 35 என்கிறது, பெண்களுக்கு 18 முதல் 27, கல்யாணமான பெண்களுக்கு விலக்கு. நீ 25, யாராவது இதையும் சொல்லி அவசரப்படுத்தியிருப்பார்கள். அந்தப் பயத்தை நான் குறைத்துப் பேச மாட்டேன். அவன் போக வேண்டும் என்றால் முன்னால் போகட்டும், போய் ஒரு அறை, ஒரு வேலை என்று பார்க்கட்டும், நீ பின்னால் போகலாம். சேர்ந்துதான் போவீர்கள் என்றால் கையெழுத்துப் போட்ட கல்யாணப் பத்திரம் கையில் இல்லாமல் போகாதே. இங்கே நாலு பேர் அறியச் சேர்ந்து வாழ்ந்தாலே கணவன் மனைவி என்று பர்மிய வழக்கம் ஒத்துக்கொள்ளும், எல்லை தாண்டினால் அந்த நாலு பேர் அங்கே வர மாட்டார்கள். பாஸ்போர்ட்டை உன் பையிலேயே வைத்துக்கொள், அவன் பையில் இல்லை. அம்மாவின் சங்கிலியை விற்காதே. அப்பாவை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதை உட்கார்ந்து பேசி முடிவு செய்யாமல் டிக்கெட் எடுக்காதே.

நல்ல வேளையாக இரண்டு பஞ்சாங்கமும் உனக்கு அவகாசம் தருகின்றன. வாசோ மாதப் பௌர்ணமியிலிருந்து தடிஞ்சு வரை அவர்கள் வீட்டிலும் கல்யாணம் வைக்க மாட்டார்கள், நம் வீட்டில் ஆடியில் வைப்பதில்லை. மகாளய அமாவாசை அந்த மூன்று மாதத்துக்குள்தான் வருகிறது. அம்மாவின் திதிக்கும் அமாவாசைக்கும் செய்ய வேண்டியதைச் செய்து முடி. அப்புறம் தடிஞ்சுக்குச் சின்னவர்கள் பெரியவர்களைக் கும்பிட்டு ஆசி வாங்குவார்களே, அன்று ஒரு தட்டுப் பழத்தோடு அவன் அம்மாவைப் போய்ப் பார். மதம், கல்யாணம், பயணம் மூன்றையும் அதற்குப் பிறகு பேசுங்கள். மூன்றையும் ஒரே மாதத்தில் முடிக்க வேண்டியதில்லை, முதலில் எது முடியாமல் கிடக்கிறதோ அது முடியட்டும்.

கடைசியாக, பின்குறிப்பு மாதிரி ஒன்று கேட்டிருந்தாய், அம்மாவுக்கு மோஹிங்கா, அந்த மீன் குழம்பு நூடுல்ஸ், என்றால் உயிர், படையலில் வைக்கலாமா, மீன் இருக்கிறதே என்று. அமாவாசை அன்று வேண்டாம், அன்று வாழைக்காய், பூசணிக்காய், பருப்பு, பாயசம் என்று சைவமாகவே இருக்கட்டும். திதி முடிந்து வேறொரு நாள், உங்கள் வீட்டு வழக்கப்படி கவிச்சி வைத்துப் படைக்கிற நாளில், தாராளமாக வை. கடையில் வாங்காதே, அம்மா செய்த மாதிரி வாழைத்தண்டு போட்டு நீயே செய், சரியாக வராவிட்டாலும் பரவாயில்லை. அம்மா இலைக்குப் பக்கத்தில் இன்னொரு இலை போடு, எங்கள் பாட்டி போட்ட மாதிரி. அது அவனுடைய பாட்டிக்கு. அந்தப் பாட்டிக்கு என்ன பிடிக்கும் என்று உனக்குத் தெரிந்திருக்காது, அவனிடம் கேள், அதை அவனையே அவன் கையால் கொண்டு வந்து வைக்கச் சொல்.